திருநீத்துப் பொட்டலம்

இப்படி ஜன்னலோரமா வந்து உக்காருங்க டீச்சர். பின்னாடி டயர் மேல உக்காந்தீங்கன்னா கும்பகோணம் போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுரும். இல்லீங்க, இந்தச் சீட்டுக்கு ஆரும் வரமாட்டாங்க. இது என்ற நங்கையோட சீட்டு. நீங்க ஆற்காட்டுப் பக்கம்னு சொன்னீங்கல்ல, உங்களுக்குத் தெரியாது. எங்க கோபிப் பக்கம் அண்ணன் சம்சாரத்தை நங்கைன்னு கூப்புடுவோம். பேரு பழனாத்தா. துளசிமணி டூருன்னு நான் என்னைக்கு பஸ் உட ஆரம்பிச்சனோ அன்னைக்கிருந்து இந்த எடம் அவளுக்குத்தான். இன்னைக்குக் காலியாக் கெடக்குது. பக்கத்து எடம் காலியா இருந்தா எனக்கு ஆகாதுங்க. அதனாலதான் உங்களைக் கூப்புட்டேன்.

அந்த ஜன்னலைச் சித்த சாத்திக்கங்க. காத்து சில்லுனு வருது. பங்குனி மாசத்துல குளுருதாக்கும்னு சிரிக்காதீங்க, விடியால பச்சத்தண்ணியில தலைக்கு வாத்துட்டு வந்தேன், அதுதான்.

தண்ணி பாட்டலை மூடி பைக்குள்ள வைங்க டீச்சர். குடிக்கக் கூடாது. தொண்டை நனையற மாதிரி ஒரு வாய், அவ்வளவுதான். என்ற பஸ்ஸுல இது ஒண்ணுதான் சட்டம். பேரு குடுக்கறப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிருவேன். உங்ககிட்ட சொல்லலீங்களா? அந்த நேரம் ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குமா அலைஞ்சுட்டு இருந்தேன், மறந்திருப்பேன். ஏன்னு கேக்கறீங்க. முன்னால ஒருக்கா என்ன ஆச்சு, ஆளாளுக்கு நிறுத்து நிறுத்துன்னு சொல்லி, புளியமரம் கண்ட எடமெல்லாம் பஸ்ஸ நிறுத்தி, கோயிலுக்குப் போய் எறங்குறோம், நடை சாத்திட்டாங்க. பூட்டுன கதவுக்குக் கும்புடு போட்டுட்டுத் திரும்பி வந்தோம். கோபி முச்சூடும் அதே பேச்சு. துளசிமணி கூடப் போனா கதவு தரிசனம்தான்னு சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சுங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். பஸ் ஏறுனா தண்ணி இல்லை, நான் சொல்ற எடத்துலதான் எறங்கறது. அதுக்கப்பறம் ஒரு கோயில்லயும் ஒரு தரிசனம் தவறுனதில்லைங்க. டிரைவர் சென்னிமலையக் கேட்டுப் பாருங்க.

எறங்கறதுக்கும் எடம் எங்கீங்க இருக்குது? ஆம்பளைங்களுக்கு என்ன, முள்ளுச்செடி ஒண்ணு இருந்தாப் போதும். நமக்கு? கோயில் பக்கத்துல கட்டி வெச்சிருக்கற எடத்துல கால வெக்க முடியுமா? அடக்கிக்கிட்டுத்தான் போவோணும். அடக்குனா எரியத்தான் செய்யும். சக்கரை இருக்கற பொம்பளைன்னா கேக்கவே வேண்டாம், நெருப்பாட்டம் எரியும், சொட்டுச் சொட்டாப் போகும், அடிவவுறு இழுத்துப் புடிக்கும். உங்களுக்கும் சக்கரைதானே. அப்ப நான் சொல்றது உங்களுக்குத் தெரியும்.

அதுக்கும் என்கிட்ட மருந்து இருக்குது டீச்சர். பயப்படாதீங்க.

இது எப்படி வந்துதுன்னு சொல்றேன். எனக்கே வந்துதுங்க அந்த எரிச்சல், அவரு தவறுன அடுத்த வருசம். எங்க டாக்டரு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அஞ்சு நாளைக்கு முழுங்கோணும், எரிச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாதுன்னாரு. ரெண்டாம் நாளே எரிச்சல் போச்சு. போன சீக்குக்கு எதுக்குங்க மருந்து? மிச்சத்தை எடுத்து சாமி ரூம்புல வெச்சுட்டேன். அடுத்த டூருல ஒரு பொம்பளை எரியுதுன்னு அழுவறா. அவளுக்கு ரெண்டு குடுத்தேன். மறுநாள் என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அப்பறம் மெடிக்கல்ல போயி அட்டையக் காட்டுனாக் குடுக்கறான். நம்மூருல ஆருங்க டாக்டரு சீட்டுக் கேக்கறாங்க?

ஆனா ஒரு சங்கடம் இருந்துது. ஆம்பளைங்க உக்காந்திருக்கற பஸ்ஸுல, எனக்கு ஒண்ணுக்கு எரியுதுன்னு எந்தப் பொம்பளை வாயத் தொறந்து சொல்லுவா? வாயக் கட்டிக்கிட்டுச் சாவாளே தவர சொல்லமாட்டா. அதுக்கு நான்தான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். கோயில்ல திருநீறு மடிச்சுக் குடுக்கறாங்கல்ல, அந்தக் காயிதத்துலயே ரெண்டு மாத்திரைய வெச்சுப் பொட்டலமா மடிச்சுருவேன். "துளசிக்கா, கொஞ்சம் திருநீறு குடுங்க"ன்னு கேட்டா எனக்குப் புரிஞ்சுரும். கையில குடுத்துருவேன். பக்கத்துல புருசனே உக்காந்திருந்தாலும் தெரியாது. போகப் போக என்ன பண்ணேன், கேக்கறவரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்னு, சக்கரைக்காரங்க அத்தனை பேருக்கும் பஸ் கெளம்புறப்பவே ஒரு பொட்டலம் குடுக்க ஆரம்பிச்சுட்டேன். ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு. வர்றதுக்கு முன்னாலயே தடுத்துட்டா நல்லதுதானே. சில பேரு நெத்தியில ஒத்திட்டுத்தான் முழுங்குவாங்க. மருந்தோட பக்தியும் சேந்தா இன்னும் சீக்கிரம் கேக்கும்.

உங்க பொட்டலம் என்ற மஞ்சப்பையில இருக்குது. அப்பறம் தர்றேன்.

இருங்க, போன் அடிக்குது. மயில்சாமி. நங்கையோட பையன். நான் எடுக்க மாட்டேன். அடிச்சுட்டுக் கெடக்கட்டும். என்னைய ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துனவன் அவன். அவனுக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறப்ப என்ற மடியிலதான் உக்கார வெச்சிருந்தேன். அந்தப் பையன், வாட்சுமேன்கிட்ட என்னையக் காட்டி, இந்தம்மாவ உள்ள உடாதீங்கங்கறான். பேரு சொல்லல, அத்தைன்னு சொல்லல. இந்தம்மா.

அதைத்தான் உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். நீங்க படிச்சவங்க, நாயம் எங்க இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.

நங்கைக்குச் சக்கரை நெம்ப வருசமா. ஒவ்வொரு டூருக்கும் அவளுக்கு அந்த எரிச்சல் வந்துரும். வந்தா என்ன, பொட்டலம் இருக்குதே. முதல்ல எல்லாம் ரெண்டு போட்டாப் போதும், கேட்டுரும். அப்பறம் மூணு ஆச்சு. அப்பறம் அதுவும் கேக்கல. பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சொல்லுவாங்கல்ல, மாத்திரையும் அப்படித்தான்னு நெனச்சுட்டு மெடிக்கல்ல சொன்னேன். இதைவிடப் பெருசு இருக்குதுக்கா, ஆனா பவரு சாஸ்தின்னு சொல்லி வேற கலருல ஒண்ணு குடுத்தான். அது கேட்டுது. கொஞ்ச நாள் கேட்டுது. அதுக்கப்பறம் அதையும் இதையும் ஒட்டுக்காப் போட்டோம். நானும் போடுவேன், அவளும் போடுவா. ஒரே பொட்டலத்துல ஆளுக்குப் பாதி. அவ இல்லாம நான் ஒரு வாய்ச் சோறு தின்னதில்லை, மாத்திரை மட்டும் தனியாவா முழுங்குவேன்?

ரெண்டு பேரும் தாலிய எழந்தவங்க டீச்சர். அடுத்தடுத்த ஊடு. நடுச்செவுத்துல ஒரு கதவு வெச்சிருக்குது, அதைச் சாத்தறதே இல்ல. டூருக்குப் புளிச்சோறு கட்டறது அவதான். என்ற கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கறா, காங்கேயத்துல, பேச்சு வார்த்தையே இல்லை. எனக்கு எல்லாமே இவதான்.

போன மாசம் தேனிப் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸுல ஏறுனதுலருந்தே அவ மொகம் சரியில்லை. இடுப்பு நோவுதுன்னா. சோறு எறங்கலைன்னா. பொட்டலத்தப் பிரிச்சுக் குடுத்தேன், முழுங்கினா. கோயிலுக்குள்ள போய் நிக்கறோம், என்னையப் பாத்து "அம்மா, எருமைக்குத் தண்ணி காட்டிட்டயா"ங்கறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆரைடி அம்மாங்கறே, நான் துளசிங்கறேன். அவ என்ற மொகத்தையே பாத்துட்டு நிக்கறா. பாக்கறா, ஆனா என்னையப் பாக்கல. அவங்கம்மா செத்து எத்தனை காலமாச்சு. எருமையக் கடைசியா வித்தே எத்தனை காலமாச்சு.

அப்பத்தான் ஆரம்பிச்சுது நடுக்கம். வெடவெடன்னு. பல்லு கிட்டிப் போச்சு. கையும் காலும் நிக்க மாட்டேங்குது. பம்பையடிக்கறவன் பாத்துட்டுச் சும்மா இருப்பானா, ஓங்கி அடிக்க ஆரம்பிச்சுட்டான். பின்னாலருந்து ஒருத்தி, அம்மா வந்துட்டாங்கறா. அவ்வளவுதான். பஸ்ஸே திரண்டு வந்து கால்ல உழுந்துது. நானும் உழுந்தேனுங்க. என்ற நங்கை கால்ல நான் உழுவேன்னு நெனச்சிருப்பனா? மேலெல்லாம் அனலாக் கொதிக்குது. சாமி வந்த ஒடம்பு கொதிக்காதா பின்ன? மஞ்சத்தண்ணியக் கொடத்தோட ஊத்தினோம், வேப்பலையால அடிச்சோம், கற்பூரம் சுத்துனோம்.

குறி கேட்டாங்க. கேக்காம இருப்பாங்களா? கவுந்தப்பாடிக்காரி ஒருத்தி, புள்ளைக்கு ஒரு சம்மந்தம் வந்திருக்குது, முடிக்கலாமா தாயேன்னு கேட்டா. "கதவச் சாத்து, கதவச் சாத்து"ன்னு சொன்னா நங்கை. கவுந்தப்பாடிக்காரி ஊருக்குப் போன மறுநாளே அந்தச் சம்மந்தத்த வேண்டாம்னுட்டா. அந்தப் பையன் குடிகாரன்னு அப்பறம் தெரிஞ்சுதாமா. பாருங்க. அப்ப அது சாமி இல்லாம என்னவாம்? ஆஸ்பத்திரியில இதைச் சீக்குன்னு சொன்ன அந்தச் சின்ன டாக்டரம்மாவ இதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க.

என்கிட்டத் திரும்பினா. கையப் புடிச்சா. அந்தக் கை சுட்டுது எனக்கு. "தண்ணி குடு. உனக்கும் வருது. உனக்கும் வருது"ன்னா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எனக்கும் அருள் வரும்னு சொல்றா. இத்தனை வருசம் எத்தனை பேரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒரு நாள் அந்த அம்மன் என்னையத் திரும்பிப் பாக்க மாட்டாளான்னு நெனச்சதுண்டு. தண்ணி குடுத்தீங்களான்னு கேக்கறீங்களா? அருள் வந்தவங்களுக்கு எப்படிங்க தண்ணி குடுக்கறது, சாமி மலையேறட்டும்னு காத்திருந்தோம்.

மலையேறவே இல்லீங்க. அப்படியே சாஞ்சுட்டா. பஸ்ஸுல படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தோம். வழி முச்சூடும் புலம்பிட்டே வந்தா. ஒண்ணுக்கே போகல, சீலையும் நனையல. நல்லதாப் போச்சு, நடுவுல நிறுத்த வேண்டியதில்லைன்னு சென்னிமலை சொன்னான்.

ஏனுங்க டீச்சர், ஏசி போட்டிருக்கறானா? இல்லையா? இந்த பஸ்ஸுல ஏசியே இல்லீங்களா? ஆமா, இல்லைதான். எனக்கென்னமோ மேலே இருந்து யாரோ ஊதற மாதிரி இருக்குது. அந்தத் துண்டை எடுங்க. போத்திக்கறேன்.

ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தினோம். சின்னப் புள்ளையாட்டம் ஒரு டாக்டரம்மா. நீர்த்தாரையில கிருமி ஏறி, கிட்னிக்குப் போயி, ரத்தத்துல கலந்துருச்சுன்னா. சாமி வந்ததுங்கன்னு சொன்னேன். மொகத்தை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டா. வயசான சக்கரைக்காரங்களுக்குக் கிருமி ரத்தத்துல ஏறுனா ஆளைத் தெரியாமப் பேசுவாங்க, குளுருல நடுங்குவாங்கன்னா. ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்களுக்கு எல்லாமே சீக்குதான்.

அப்பறம் கேட்டா. இதுக்கு முன்னால என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க, நெனப்புப் பண்ணிச் சொல்லுங்கம்மா, அதுக்குத் தகுந்தாப்புலதான் மருந்து ஏத்தோணும்னு. சக்கரை மாத்திரைதாங்க, வேற ஒண்ணும் இல்லைன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டா. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். எப்படிச் சொல்லுவேன் டீச்சர்? ஒரு பஸ் பொம்பளைங்களோட மானம் அந்தப் பொட்டலத்துக்குள்ள இருக்குது. நாளைக்கு ஊருக்குள்ள, துளசிமணி பஸ்ஸுல திருநீறு வாங்குனவளுக்கெல்லாம் ஒண்ணுக்கு எரியற சீக்குன்னு பேச மாட்டாங்களா? புருசன்மாரு அனுப்புவாங்களா அப்பறம்?

ரெண்டு நாள் பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க. காச்சல் எறங்கவே இல்லை. நீர எடுத்து என்னமோ வளத்துப் பாத்தாங்களாமா. மூணாம் நாள் டாக்டரம்மா வந்து, ஏத்துன மருந்து ஒண்ணும் வேலை செய்யல, இந்தக் கிருமி எல்லா மருந்தையும் பழகிக்கிச்சு, இன்னும் ஒண்ணோ ரெண்டோதான் மிச்சம் இருக்குது, அதுவும் கிட்னியக் கெடுக்கற மருந்துன்னு சொல்றா. பழகிக்கறதுக்கு அது என்ன நாய்க்குட்டியாங்க? ரெண்டு நாள் தப்பான மருந்தை ஏத்துனது அவுங்க. அதை ஆரும் கேக்கல.

அன்னைக்குத்தான் நர்சு, நங்கையோட சுருக்குப்பைய மயில்சாமி கையில குடுத்திருக்கறா. அதுக்குள்ள பொட்டலம். ஒண்ணு ரெண்டு இல்லீங்க, ஏழெட்டு இருந்திருக்கும். பாவி, நான் குடுத்ததுல மிஞ்சுனதையெல்லாம் பத்திரமாச் சேத்து வெச்சிருக்கறா. திருநீறுன்னு நெனச்சு அம்மா நெத்தியில பூசப் போயிருக்கறான். பிரிச்சா மாத்திரை. நேரா டாக்டரம்மாகிட்டப் போயிட்டான்.

அந்தம்மா என்னையக் கூப்புட்டு உட்டா. சத்தம் போடல. போட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். பாதி பாதியா முழுங்கி முழுங்கி, சாகாத கிருமியா வளத்து வெச்சிருக்கீங்கம்மா, முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா வேற மருந்துல ஆரம்பிச்சிருப்பேன்னா. உங்க பஸ்ஸுல இதை ஆரெல்லாம் முழுங்கறாங்களோ எல்லாரையும் கூட்டிட்டு வாங்கன்னா. முதல்ல உங்களுக்குப் பரிசோதனை பண்ணோணும், உங்களுக்கு எரிச்சல் இருக்குதா, இடுப்பு வலி இருக்குதான்னு கேட்டா. எனக்கென்னங்க, நான் கல்லாட்டம் இருக்கறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வெளிய வந்தா மயில்சாமி நிக்கறான். "நீங்கதான் எங்கம்மாவக் கொன்னீங்க"ங்கறான். கொன்னீங்களாமா. அவ இன்னும் உசுரோட, உள்ள மூச்சு உட்டுட்டுக் கெடக்கறா, அதுக்குள்ள கொன்னீங்கங்கறான். அவன் வருசத்துக்கு ஒருக்கா பெங்களூர்லருந்து வந்து பணியாரம் தின்னுட்டுப் போறவன். அவ எரியுதுன்னு அழுதப்ப கூட இருந்தது ஆரு? அடிவவுத்துல வெளக்கெண்ணெய் தேச்சு உட்டது ஆரு? நல்லதுக்குக் காலமில்லீங்க. நீங்களே சொல்லுங்க, நான் அவளுக்குக் கெடுதல் நெனப்பனா?

தண்ணி பாட்டலை எதுக்கு வெளிய எடுக்கறீங்க, உள்ள வைங்க.

திரும்பவும் போனு. அவனேதான். ஏன் இப்படி உடாம அடிக்கறான்? எனக்குப் பேச வேண்டாம். இந்தாங்க, நீங்க வெச்சிருங்க. கையில புடிக்க முடியல, வெரலெல்லாம் வெறைச்சுக் கெடக்குது.

இந்த டூரு எதுக்குப் போடறேன்னு தெரியுமா உங்களுக்கு? எல்லாரும் நவக்கிரகம்னு வர்றாங்க. நான் அவளுக்காகப் போறேன். இன்னைக்கு அவ நட்சத்திரம். நடை சாத்தறதுக்குள்ள அவ பேருல ஒரு அர்ச்சனை, நெய் விளக்கு. ஜோசியரு சொல்லிட்டாரு, இன்னைக்கு அந்த விளக்கு எரிஞ்சுதுன்னா அவ கண்ணு முழிச்சுருவா. அந்த ஒரு மருந்துதான் அவளுக்கு மிச்சம். டாக்டரம்மாவுது கிட்னியக் கெடுக்கும், என்றது கெடுக்காது. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த ஊட்டுக்குப் போய் உக்காருவேன்? அந்த நடுக்கதவ நான் எப்படிச் சாத்துவேன்? அதனால சென்னிமலைகிட்டக் கண்டிப்பாச் சொல்லிட்டேன். ஆரு கத்துனாலும் நிறுத்தாதே, நானே சொன்னாலும் நிறுத்தாதேன்னு.

எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நேத்துலருந்து லேசா எரிச்சல். இடுப்புல இந்தப் பக்கம் குத்துது, படுக்கை சரியில்லை. விடியால மூணு போட்டேன், இப்பக் கரூருல ரெண்டு போட்டேன். கேக்கும். கொஞ்சம் நேரம் எடுக்கும், கேக்கும்.

நெத்தியத் தொடாதீங்க. கொதிக்குதா? கொதிக்குதுன்னு எதுக்கு இப்படிப் பயப்படறீங்க. குளுருதுங்கறேன், கொதிக்குதுங்கறீங்க. உங்க கைதான் சுடுது. பல்லு தானா ஆடுது பாருங்க. கையப் பாருங்க. நான் ஆட்டல. நான் ஒண்ணும் பண்ணல, அது தானா ஆடுது. அவளுக்கும் இப்படித்தான். உனக்கும் வருதுன்னாளே. வருது டீச்சர். சொன்ன மாதிரியே வருது.

எங்க எந்திரிக்கறீங்க? சென்னிமலைகிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது. திருச்சியில நிறுத்துனா அப்பறம் நடை சாத்திருவாங்க. பூட்டுன கதவுதான். உக்காருங்க. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு பேச்செடுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். சென்னிமலை, நீ ஓட்டு. இந்தம்மா சொல்றதக் கேக்காதே. ஓட்டு நீ.

பின்னால என்ன சத்தம்? அம்மா வந்துட்டாங்கறாங்களா? கவுந்தப்பாடிக்காரி குரலாட்டம் இருக்குது. வரட்டும், வரட்டும். கற்பூரம் மஞ்சப்பையில, பொட்டலத்துக்கு அடியில இருக்குது. தண்ணி ஊத்தச் சொல்லாதீங்க, எனக்கு நெம்பக் குளுருது. குறி கேக்கறாங்களா? என்னத்தச் சொல்றது. எனக்கு ஒண்ணும் தெரியல. கதவச் சாத்தச் சொல்லுங்க.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடு.

நீ எப்ப வந்தே? எங்கெல்லாம் தேடுனேன் உன்னைய. உன்ற எடத்துல ஆரோ ஒரு டீச்சரு உக்காந்திருந்தா. எழுப்பி உட்டயா? நல்லதாப் போச்சு. எங்கயும் போயிராதே, இங்கயே உக்காரு. புளிச்சோறு கட்டிட்டயா? சனங்க பசியாறோணுமே. ஏன் அழுவறே? அந்தப் போனு எதுக்கு அடிச்சுட்டே இருக்குது, ஆரு அது? மயில்சாமியா? அம்மாவக் காணம்னு பயந்திருப்பான், பாவம். எடுத்துச் சொல்லிரு நங்கை. அம்மா இங்கதான், துளசி பக்கத்துல, ஜன்னலோரமா உக்காந்திருக்கறேன்னு சொல்லு.